கடின சோப்பா, மென் சோப்பா? முகச்சவரத்தின் நீண்ட சண்டை

1923ம் ஆண்டின் தொடக்கம். எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைத் தோண்டுவதற்குப் பணம் கொடுத்த இங்கிலாந்துப் பிரபு கார்னார்வனின் கன்னத்தில் ஒரு கொசு கடித்தது. சாதாரண கொசுக்கடிதான். ஆனால் அவர் சவரம் செய்தபோது கத்தி அந்தத் தடிப்பைச் சீவிவிட்டது. காயத்தில் கிருமி புகுந்து இரத்தம் நஞ்சானது. நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 5ம் தேதி கெய்ரோவில் அவர் இறந்துபோனார். வயது 56.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதை 'மம்மியின் சாபம்' என்று எழுதித் தள்ளின. சாபமும் இல்லை, மந்திரமும் இல்லை. பென்சிலின் மருந்துக்கடைக்கு வராத காலத்தில் சவரக்கத்தி போட்ட ஒரு சின்னக் கீறலே ஆளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கத்திக்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் அந்த வெள்ளை நுரை எவ்வளவு முக்கியம் என்று புரியும். அந்த நுரையை எதிலிருந்து எடுப்பது? கட்டியாக இருக்கும் கடின சோப்பிலிருந்தா, குழைவாக இருக்கும் மென் சோப்பிலிருந்தா? அற்பமான கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்கான பதிலை ஒவ்வொரு காலத்திலும் முடிவு செய்தது வெறும் விருப்பம் அல்ல. சாம்பல், வரி, போர், நோய், விளம்பரம் என்று ஒரு பெரிய பட்டாளமே இதற்குள் இருக்கிறது.

இரண்டு சாம்பல், இரண்டு சோப்பு

பள்ளி வேதியியல் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். கொழுப்பையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்தால் சோப்பு. காரம் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் கடின சோப்பு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் மென் சோப்பு. பரீட்சைக்கு இரண்டு மார்க். ஆனால் இந்த இரண்டு வரிக்குள் ஐரோப்பாவின் வரைபடமே அடங்கியிருக்கிறது.

விறகுச் சாம்பலில் கிடைப்பது பொட்டாஷ். கடலோர உப்பு நிலச் செடிகளின் சாம்பலில் கிடைப்பது சோடா. நம் ஊர்க் கடலோரத்தில் வளரும் உமரிக்கு உறவான செடிகள் இவை. ஆகவே ஆலிவ் எண்ணெயும் கடலோரச் செடிகளும் இருந்த சிரியாவின் அலெப்போ, ஸ்பெயினின் காஸ்டைல், பிரான்சின் மார்செய் போன்ற இடங்களில் கட்டி சோப்பு வளர்ந்தது. மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு கலக்கக்கூடாது என்று 14ம் லூயி மன்னர் காலத்தில், 1688ல், ஆணையே போட்டார்கள். காடுகள் நிறைந்த வட ஐரோப்பாவிலோ விறகுச் சாம்பலும் விலங்குக் கொழுப்பும்தான் கைக்குக் கிடைத்தன. அங்கே கூழ் போன்ற மென் சோப்பு. கட்டியாக வேண்டும் என்றால் அதில் சமையல் உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். உப்பிலுள்ள சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சோப்பு திரண்டு மேலே வந்துவிடும்.

இந்த இரட்டைப் பிரிவு மிகப் பழையது. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79ல் உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, கால் இன மக்கள் ஆட்டுக் கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்த சோப்பைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அது கெட்டியாக ஒன்று, நீர்மமாக ஒன்று என இரண்டு வகை என்றும் எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்லும் பயன் சவரம் அல்ல, குளியலும் அல்ல. தலைமுடிக்குச் செந்நிறம் ஏற்றுவது! ஜெர்மானியர்களில் பெண்களைவிட ஆண்கள்தான் இதை அதிகம் பூசிக்கொண்டார்களாம்.

வரி போட்ட அரசு, உப்பை உடைத்த மருத்துவர்

18ம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சவரம் என்பது பெரும்பாலும் நாவிதர் கையில் இருந்த வேலை. 1769ல் பாரிஸ் நகரத்துக் கத்தி செய்பவரான ழான் ழாக் பெரே, ஒருவர் தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்றாலே நிலைமை புரிகிறதல்லவா? வீட்டில் சவரம் என்ற பழக்கம் மெல்லப் பரவ, சவரத்துக்கென்று தனி சோப்பும் தேவைப்பட்டது.

ஆனால் சோப்பு விலை அதிகம். இங்கிலாந்தில் 1712ல் சோப்புக்கு வரி போட்டார்கள். 141 ஆண்டுகள் அந்த வரி நீடித்தது. கடின சோப்புக்கு ஒரு விகிதம், மென் சோப்புக்கு அதைவிடக் குறைந்த விகிதம். திருட்டுத்தனமாக சோப்பு காய்ச்சிவிடக்கூடாது என்று இரவில் கொப்பரைகளைப் பூட்டிவிட்டுப் போவார்களாம் வரி அதிகாரிகள். நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் 1853ல்தான் இந்த வரியை ஒழித்தார்.

இதற்கிடையில் பிரான்சில் இரண்டு பேர் சோப்பின் தலையெழுத்தையே மாற்றினார்கள். முதலாமவர் நிக்கோலா லெப்ளாங்க் என்ற மருத்துவர். 1791ல் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இனி கடலோரச் செடியை எரிக்க வேண்டாம், கடின சோப்பை எங்கு வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை வந்தது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய தொழிற்சாலை பறிமுதல் செய்யப்பட்டது. வறுமையில் வாடி 1806ல் தற்கொலை செய்துகொண்டார். உலகம் குளிக்க வழி செய்த மனிதரின் முடிவு இப்படி.

இரண்டாமவர் ஷெவ்ரல். கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று கண்டுபிடித்து 1823ல் நூலாக வெளியிட்டார். அவர் பிரித்துக் காட்டிய ஸ்டியரிக் அமிலம்தான் இன்றுவரை ஷேவிங் சோப்பின் உயிர். குளிக்கும் சோப்பின் நுரை பெரிய பெரிய குமிழாக வந்து சீக்கிரம் உடைந்துவிடும். ஸ்டியரிக் அமிலம் அதிகமுள்ள சோப்பின் நுரை தயிர் போலக் கெட்டியாக முகத்தில் உட்கார்ந்திருக்கும். குளிக்கும் சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்து எரிச்சல்பட்டவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

சாடியும் குவளையும்

19ம் நூற்றாண்டில் போட்டி சூடு பிடித்தது. மென் சோப்புப் பக்கம் புகழ்பெற்றது இத்தாலியின் நேப்பிள்ஸ் சோப்பு. இங்கிலாந்துக் கனவான்கள் இதை விரும்பி வாங்கினார்கள். பன்றிக் கொழுப்பையும் பொட்டாஷையும் சேர்த்துக் காய்ச்சி, முத்துப் போல மினுங்கும்வரை இடித்து, வாதுமை வாசனை சேர்த்த 'பாதாம் கிரீம்' இன்னொரு வகை. அந்த மினுமினுப்புக்குக் காரணம் சோப்புக்குள் மிக நுண்ணிய படிகங்கள் உருவாவதுதான். இன்றைய ஷேவிங் கிரீமில் தெரியும் முத்துப் பளபளப்பும் அதே வகைதான்.

ஆனால் மென் சோப்புக்கு ஒரு பெரிய குறை. அதற்கு ஒரு பாத்திரம் வேண்டும். மூடி போட்ட பீங்கான் சாடிகளில்தான் விற்க வேண்டும். சாடி உடையும், எடை அதிகம், திறந்து வைத்தால் காயும், விலையும் அதிகம். ஆக, அது பணக்காரர் சரக்காகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஜேம்ஸ் பி. வில்லியம்ஸ் வருகிறார். 1840ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொழில் தொடங்கிய அவர், சவரக் குவளைக்குள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து நுரை எடுக்கும் வட்டமான கட்டி சோப்பை விற்றார். வெறும் காகிதத்தில் சுற்றினால் போதும். உடையாது, ஒழுகாது, மாதக் கணக்கில் வரும். சாதாரண ஆளும் வாங்கலாம்.

அமெரிக்கச் சலூன்களில் இந்தக் குவளை ஒரு கலாசாரமாகவே ஆனது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் குவளை, அதில் தங்க எழுத்தில் பெயர், அவர் தொழிலைக் காட்டும் படம். கசாப்புக்காரருக்கு மாட்டுப் படம், ரயில்காரருக்கு எஞ்சின் படம். சுவர் முழுக்க அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. அடுத்தவர் முகத்தில் பட்ட சோப்பு நம் முகத்தில் படக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது.

மென் சோப்பைக் காப்பாற்றியது ஒரு ஓவியர் என்றால் நம்ப முடிகிறதா? ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841ல், வண்ணம் காயாமல் இருக்கத் தகரத்தால் ஆன பிதுக்குக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். வண்ணத்துக்கு வந்த அந்த டியூப் பின்னாளில் பற்பசைக்கும் ஷேவிங் கிரீமுக்கும் போனது. பீங்கான் சாடி செய்ய முடியாததை டியூப் செய்தது. கிரீம் காயவில்லை, ஒழுகவில்லை, பையில் போட்டு எடுத்துப் போகலாம். கடின சோப்பின் முக்கிய பலம் பறிபோனது.

போரும் பிரஷ்ஷும்

1903ல் ஜில்லெட் கம்பெனி தன் பாதுகாப்பு ரேசரை விற்க ஆரம்பித்தபோது முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். 15 ஆண்டுகளுக்குள் முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக வாங்கியவை சுமார் 35 இலட்சம் ரேசர்கள்! காரணம் எளிது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், தாடி இருந்தால் வாயு உள்ளே புகும். சவரம் என்பது அழகு விஷயமாக இல்லாமல் உயிர் விஷயமாக ஆனது.

பதுங்குகுழியில் கிடக்கும் வீரனுக்குக் குச்சி வடிவக் கடின சோப்பு மிகவும் வசதி. முகத்தை நனைத்து, குச்சியைத் தாடியிலேயே தேய்த்து, பிரஷ்ஷால் நுரைத்தால் முடிந்தது. குவளையும் தேவையில்லை. அக்காலத்தில் கோல்கேட் கம்பெனி குச்சி, பொடி, கிரீம் என மூன்றையும் தயாரித்தது. மூன்றும் தன்னுடையது என்பதால் நடுநிலையாகச் சொல்கிறோம் என்று, குச்சிதான் சிக்கனம் என அதன் விளம்பரங்களே ஒப்புக்கொண்டன.

ஆனால் வில்லன் சோப்பில் இல்லை, பிரஷ்ஷில் இருந்தான். போரால் வழக்கமான வணிக வழிகள் அடைபட, சரியாகக் கிருமி நீக்காத மலிவான குதிரை முடியில் பிரஷ்கள் செய்யப்பட்டன. சில பிரஷ்களில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. கால்நடைகளுக்கு வரும் அடைப்பான் நோயின் கிருமிதான் அது. அதன் விதை போன்ற வித்துகள் சோப்பு நுரையில் சாவதில்லை. சவரக் கீறல் வழியாக உள்ளே நுழைந்து, முகத்திலும் கழுத்திலும் கரும்புண் வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். எதிரியின் குண்டுக்குத் தப்பியவனை முகம் துடைக்கும் பிரஷ் கொன்றது!

பிரஷ் இல்லாமலே சவரம் செய்ய முடியாதா என்று மக்கள் தேடிய அதே காலத்தில்தான், 1919ல், எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் ஷீல்ட்ஸ் 'பார்பசால்' கிரீமைக் கொண்டுவந்தார். விரலால் எடுத்துப் பூசிக்கொள்ளலாம், நுரைக்க வேண்டாம். 1925ல் மினியாபொலிஸ் நகரிலிருந்து 'பர்மா ஷேவ்' வந்தது. சாலையோரத்தில் சின்னச் சின்னப் பலகைகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வரி என்று வேடிக்கைப் பாட்டு எழுதி, கடைசிப் பலகையில் கம்பெனி பெயரைப் போட்டார்கள். நம் ஊர் லாரிகளின் பின்பக்க வாசகங்களைப் போல, அமெரிக்கர்கள் காரில் போகும்போது இதைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே போவார்கள். 1963 வரை இந்தப் பலகைகள் இருந்தன.

டப்பா நுரையும் உப்புத்தாளும்

1949ல் கார்ட்டர் கம்பெனியின் 'ரைஸ்' வந்தது. அழுத்தினால் போதும், நுரை தானாகவே வரும் டப்பா. கடினமா மென்மையா என்ற கேள்வியையே இது ஓரம்கட்டியது. சோம்பேறிகளுக்குச் சொர்க்கம்!

இதையொட்டி நடந்த ஒரு வழக்கு சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. 1959ல் கோல்கேட் தன் 'ராபிட் ஷேவ்' நுரைக்குத் தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. உப்புத்தாள் மீது நுரையைப் பூசி உடனே ரேசரால் இழுக்க, அதிலிருந்த மணல் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உப்புத்தாளையே வழிக்கும் என்றால் உங்கள் தாடி எம்மாத்திரம் என்பது விளம்பரத்தின் கருத்து. உண்மையில் காட்டப்பட்டது உப்புத்தாளே அல்ல. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின் மேல் மணலைத் தூவி வைத்திருந்தார்கள். நிஜ உப்புத்தாளை வழிக்க வேண்டுமானால் சுமார் 80 நிமிடம் ஊற வேண்டும். 1965ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது ஏமாற்று விளம்பரம்தான் என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்குக்குள் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. உப்புத்தாளோ தாடியோ, ஊற நேரம் வேண்டும். முடியை மென்மையாக்குவது நுரை அல்ல, தண்ணீர். நுரையின் வேலை அந்தத் தண்ணீரை முடியோடு பிடித்து வைப்பதும், கத்தியை வழுக்க விடுவதும்தான். டப்பா நுரையில் அந்த ஊறும் நேரம்தான் காணாமல் போகிறது.

டப்பாவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அதில் அழுத்தம் கொடுக்கப் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974ல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1978ல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் அந்த வாயுக்களைத் தடை செய்தது. பிறகு வேறு வாயுக்கள் வந்தன.

இத்தாலியும் இந்தியாவும்

இந்தச் சண்டையில் நடுவழி கண்டவர்கள் இத்தாலிய நாவிதர்கள். 1899ல் மிலானில் தொடங்கிய 'செல்லா' போன்றவை கட்டியும் இல்லை, கிரீமும் இல்லை. பிசைந்த சப்பாத்தி மாவு போல இருக்கும் மென்கட்டி. ஒரு கிலோ பாளமாக வாங்கி, தேவைக்குக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வார்கள். நுரை உடனே வரும், சலூன் வேகத்துக்கு ஏற்றது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே சோப்பில் என்ன கொழுப்பு என்பதே பெரிய கேள்வி. 1918ல் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பு சேர்க்காத சோப்பைக் கொண்டுவந்தபோது அது சுதேசி உணர்வோடும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் அதன் வட்டமான ஷேவிங் சோப்பு பல வீடுகளில் கண்ணாடி மாடத்தில் இடம்பிடித்தது. 1980களில் தொலைக்காட்சியில் கபில்தேவ் பாமாலிவ் ஷேவிங் கிரீமோடு வந்து சிரித்தார். தாத்தா கையில் வட்ட சோப்பு, அப்பா கையில் டியூப் என்று ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை பிரிந்தது.

1990களில் எய்ட்ஸ் பயம் வந்தபோது சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற நல்ல வழக்கம் பரவியது. ஆனால் பல இடங்களில் பிரஷ் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். குவளையில் பெயர் எழுதி வைத்த அந்தக் கால அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் உஷார்!

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்று விற்கும் பெரும்பாலான ஷேவிங் சோப்புகள் முழுக் கடினமும் இல்லை, முழு மென்மையும் இல்லை. சோடாவும் பொட்டாஷும் கலந்தவை. சோடியம் ஸ்டியரேட் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது, ஆகவே கட்டி தேயாமல் நிற்கும். பொட்டாசியம் ஸ்டியரேட் சீக்கிரம் கரையும், ஆகவே நுரை விரைவில் வரும். கட்டியில் சோடாவின் பங்கு கூடுதல், கிரீமில் பொட்டாஷும் தண்ணீரும் கூடுதல். வித்தியாசம் இவ்வளவுதான்.

சிக்கனம் வேண்டுமா? கடின சோப்பு. வாங்கும் எடையில் பெரும்பகுதி சோப்பே, தண்ணீர் குறைவு. பயன்படுத்தியபின் ஈரம் வடிய விட்டால் பல மாதம் வரும். பிளாஸ்டிக் குப்பையும் குறைவு. விமானத்தில் போகிறவர்களுக்கும் இதுவே வசதி. 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி அம்பலமானபின் கைப்பையில் திரவங்களுக்கும் கிரீம்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. கட்டி சோப்பு அதில் மாட்டாது. முதல் உலகப் போர் வீரனின் காரணமேதான், வேறு வடிவில்!

காலையில் நேரமே இல்லையா? மென் சோப்பு அல்லது டியூப் கிரீம். பட்டாணி அளவு போதும், அரை நிமிடத்தில் நுரை. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளிலும் கிரீம் சற்றுக் கை கொடுக்கும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகப் படிந்துவிடும். அதனால் அந்த நீரில் கட்டி சோப்பைப் பிரஷ்ஷில் நெடுநேரம் தேய்த்தாக வேண்டும். இரண்டுக்குமே சிறந்த வழி, நுரைக்க மட்டும் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வது.

எது வாங்கினாலும், சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நன்றாக நனைய விடுவதை விட்டுவிடக்கூடாது. பிளேடு புதிதாகவும் பிரஷ் சொந்தமாகவும் இருக்கட்டும். பருவோ கொசுக்கடியோ இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகட்டும் ரேசர். இன்று நம்மிடம் ஆன்டிபயாடிக் இருக்கிறது, கார்னார்வன் பிரபுவிடம் அது இல்லை. அதற்காகக் கன்னத்தை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!